கென்னடி மறைத்த இரண்டு நோய்கள்

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கென்னடி என்ற பெயருடைய பெரியவர்களை இன்றும் காணலாம். பெரும்பாலும் அறுபதுகளில் பிறந்தவர்கள். படகோட்டிகளான குருகுல வம்சத்தார் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயத்தின் மணியோசை கேட்டு வளர்ந்த பகுதியில், அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டியதில் வியப்பில்லை. கத்தோலிக்கர் மட்டுமல்லர், உலக அரசியலில் நாட்டமுள்ள பிறரும் அப்பெயரை விரும்பினர். அக்காலத்தில் பி.எல். 480 திட்டத்தின் அமெரிக்கக் கோதுமை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிக்கொண்டிருந்தது. கோதுமையோடு ஒரு முகமும் வந்தது: வெயிலேறிய நிறம், அடர்ந்த முடி, வரிசைப் பற்கள் தெரியும் சிரிப்பு. இளமைக்கும் உடல் வலிமைக்கும் அந்த முகம் ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டது.

பெயர் வைத்த பெற்றோருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்த முகத்துக்குரியவர் நாள்தோறும் சில மாத்திரைகளை விழுங்கியே உயிரோடு இருந்தார். அவற்றைச் சில நாட்கள் நிறுத்தியிருந்தால் துப்பாக்கி தேவைப்பட்டிருக்காது.

ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு கென்னடிக்கு அட்ரீனல் சுரப்பியும் தைராய்டு சுரப்பியும் ஒருசேரப் பழுதுபட்டிருந்தன. உடலைக் காக்க வேண்டிய நோய்த் தடுப்பாற்றலே தன் உறுப்புகளை அயலாகக் கருதித் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயின் வகை இது. இரண்டும் சேர்ந்து வருவதை 1926ஆம் ஆண்டில் ஷ்மிட் என்ற ஜெர்மானிய நோய்க்கூற்றியல் அறிஞர் எடுத்துக்காட்டியதால் ஷ்மிட் நோய்த்தொகுப்பு என்ற பெயரும் இதற்கு உண்டு. அட்ரீனல் பழுதுக்குப் பெயர் தந்தவர் அவருக்கும் மூத்தவர். லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855இல் அதை விவரித்து நூல் எழுதினார். அவர் கண்ட நோயாளிகளில் பலருக்கு அந்தச் சுரப்பியைத் தின்றது காசநோய். இந்த விவரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நூறாண்டு கழித்து ஓர் அமெரிக்கத் தேர்தலில் அது பெரிய வேலை செய்யப்போகிறது.

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஒவ்வொன்றும் சில கிராம் எடைதான். ஆனால் அவை சுரக்கும் கார்ட்டிசால் இல்லாமல் உடல் எந்த நெருக்கடியையும் தாங்காது. காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை, பேரதிர்ச்சி என எது வந்தாலும் நல்ல உடல் கார்ட்டிசாலைப் பன்மடங்காகச் சுரந்து ஈடுகட்டும். சுரப்பி அழிந்தவருக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுவார். அதே சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் என்னும் இன்னொரு இயக்குநீர் உடலில் உப்பைப் பிடித்துவைக்கிறது. அது குறைந்தால் உப்பு சிறுநீரோடு வெளியேறிவிடும். நாக்கு உப்புக்கு ஏங்கும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி பழுதானால் வரும் துன்பம் வேறு மாதிரியானது: சோர்வு, மந்தம், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் பருத்தல். ஒன்று உடலை மெலிய வைக்கும், மற்றது பெருக்க வைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் அடையாளத்தை மற்றது மறைத்துவிடும். எஞ்சுவது சோர்வு மட்டும்தான். சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருபவரை எந்த ஊரில்தான் நோயாளியாக மதிக்கிறார்கள்?

1917 மே 29 அன்று பாஸ்டன் நகரை ஒட்டிய புரூக்ளைனில், ஒன்பது பிள்ளைகளில் இரண்டாமவராகப் பிறந்தார் கென்னடி. இரண்டரை வயதில் செங்காய்ச்சல் வந்து உயிருக்குப் போராடினார். அதன்பின் ஏதேனும் ஒரு நோய் அவரை விட்டதில்லை. பள்ளி விடுதியில் அவர் படுத்த நாட்கள் பல. வயிறும் குடலும் ஓயாமல் தொல்லை கொடுத்தன. 1934இல் மேயோ மருத்துவமனையில் வாரக்கணக்கில் வைத்துச் சோதித்தார்கள். ஒரு கட்டத்தில் ரத்தப் புற்றுநோயோ என்ற ஐயமும் எழுந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சில வாரங்களிலேயே உடல்நலக் குறைவால் வெளியேறி, அடுத்த ஆண்டு ஹார்வர்டில் சேர்ந்தார். ஜாக்கைக் கடிக்கும் கொசுதான் செத்துப்போகும் என்று வீட்டில் கேலி பேசுவார்களாம். பணமும் போட்டியும் நிறைந்த அந்த வீட்டில் நோயைப் பற்றிப் புலம்புவதைத் தந்தை ஜோசப் கென்னடி விரும்பவில்லை. மறைக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதுகுவலியைக் காரணம் காட்டித் தரைப்படை அவரைத் திருப்பியனுப்பியது. தந்தையின் செல்வாக்கால் 1941இல் கடற்படை ஏற்றுக்கொண்டது. 1943 ஆகஸ்ட் 2 அதிகாலை, சாலமன் தீவுகளை ஒட்டிய கடலில் அவர் தலைமை தாங்கிய பி.டி. 109 என்ற சிறு போர்ப்படகை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று இடித்துப் பிளந்தது. இருவர் இறந்தனர். தீக்காயம் பட்ட ஒருவரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நீந்தி, கென்னடி அவரைத் தீவு ஒன்றில் கரை சேர்த்தார். பின்னர் உதவி தேடி மீண்டும் மீண்டும் கடலில் இறங்கினார். சுரப்பி முற்றாக அழிந்தவரால், அதுவும் மருந்தில்லாமல், இதில் பாதியைக்கூடச் செய்திருக்க முடியாது. ஆகவே அப்போது அட்ரீனல் ஓரளவேனும் இயங்கியிருக்க வேண்டும். தன்னெதிர்ப்பு நோய் ஒரே நாளில் கொல்வதில்லை. அது ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக அரிக்கும்.

1946இல் முதன்முறையாக நாடாளுமன்றக் கீழவைக்குப் போட்டியிட்டபோது, பாஸ்டன் தெருக்களில் நடந்த ஊர்வலம் ஒன்றின் முடிவில் அவர் நிறம் மாறிக் கீழே சாய்ந்தார். ஆனாலும் வென்றார். மறு ஆண்டு செப்டம்பரில் அயர்லாந்துக்குச் சென்றவர் லண்டனில் படுத்த படுக்கையானார். அங்கே டேனியல் டேவிஸ் என்ற மருத்துவர்தான் அடிசன் நோய் என்று முதலில் கண்டறிந்தார். நோயாளி ஓராண்டுகூடத் தாங்கமாட்டார் என்பது அவர் கணிப்பு. அன்றைய மருத்துவம் அறிந்த வரையில் அது மிகையன்று. குவீன் மேரி கப்பலின் மருத்துவ அறையில் படுக்கவைத்து அவரை நியூயார்க் கொண்டுவந்தார்கள். குருவானவர் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். போரில் வாங்கிய மலேரியாக் காய்ச்சல் திரும்பியிருக்கிறது என்று செய்தியாளர்களுக்குச் சொல்லப்பட்டது. அவருக்கு அப்போது வயது 30.

அவரைக் காப்பாற்றியது காலம். அட்ரீனல் இயக்குநீரைப் போன்ற ஒரு பொருளை வேதியியலார் 1937இலேயே செய்துவிட்டிருந்தனர். அதன் வில்லைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை தொடையின் தோலைக் கீறி உள்ளே புதைத்துத் தைப்பார்கள். உப்பைக் காப்பதற்கு அது போதும். நெருக்கடியைத் தாங்கப் போதாது. அந்தக் குறையை நீக்கிய கார்ட்டிசோன் 1940களின் இறுதியில் மேயோ மருத்துவமனையிலிருந்து உலகுக்கு வந்தது. அதற்காக 1950இல் கென்டல், ஹென்ச், ரெய்க்ஸ்டைன் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பத்தாண்டு முன்னதாக நோய் முற்றியிருந்தால் கென்னடி என்ற பெயரை நம்மில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். தொடக்கத்தில் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த அந்த மருந்தைக் கென்னடி குடும்பம் பல நகரங்களின் வங்கிப் பெட்டகங்களில் சேமித்து வைத்திருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மகன் எந்த ஊரில் மயங்கினாலும் மருந்து எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது தந்தையின் ஏற்பாடு.

அந்த ஏற்பாடும் எப்போதும் பலிக்கவில்லை. 1951 இலையுதிர்காலத்தில் ஆசியப் பயணம் வந்த கென்னடி, டெல்லியில் நேருவைச் சந்தித்துவிட்டுக் கிழக்கே சென்றார். ஒகினாவாவில் கடும் காய்ச்சல் கண்டது. உடனிருந்த தம்பி ராபர்ட் அண்ணன் பிழைக்கமாட்டார் என்றே அஞ்சினார். 1954 அக்டோபர் 21 அன்று நியூயார்க்கில் நடந்த முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை இன்னும் மோசம். அட்ரீனல் இல்லாத உடலுக்கு இந்த அறுவை ஆபத்து என்று அவருடைய பாஸ்டன் மருத்துவர்கள் தடுத்திருந்தனர். ஊன்றுகோலில் நடந்தே காலம் கழிப்பதைவிடச் செத்தாலும் மேல் என்று அவர் முடிவெடுத்தார். அறுவைக்குப் பின் கிருமி தொற்றியது; நினைவிழந்தார்; மீண்டும் குருவானவர் அழைக்கப்பட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் இன்னோர் அறுவை செய்து உலோகத் தகட்டை அகற்றினார்கள். தேறிவந்த மாதங்களில் உருவான நூல்தான் 1957இல் புலிட்சர் பரிசு பெற்ற புரொஃபைல்ஸ் இன் கரேஜ். அதை எழுதியதில் உதவியாளர் தியடோர் சோரன்சனின் பங்கு பெரிது என்பது இன்று மறுக்கப்படுவதில்லை.

அந்த அறுவைக்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. அடிசன் நோயாளிகளுக்கு அறுவை செய்வது எப்படி என்று விளக்கி, 1955இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வெளியானது. பெயர் குறிப்பிடாத நோயாளிகளில் ஒருவர் 37 வயது ஆண்; ஏழாண்டாக அடிசன் நோய் உடையவர்; நியூயார்க்கில் 1954 அக்டோபர் 21 அன்று முதுகில் அறுவை செய்துகொண்டவர். நாடறிந்த செனட்டரின் இரகசியம் நூலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய இதழில் கிடந்தது. ஜான் நிக்கல்ஸ் என்ற நோய்க்கூற்றியல் மருத்துவர் செய்தித்தாள் குறிப்புகளோடு அதை ஒப்பிட்டு 1967இல் எழுதும்வரை அரசியல் உலகம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

தைராய்டின் குறை தெரியவந்தது 1950களின் நடுவில்தான். இந்த வரிசையை அவருடைய நற்பேறு என்றே சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரை உடலின் வேகத்தைக் கூட்டும். இருக்கிற கொஞ்ச கார்ட்டிசாலும் விரைந்து செலவாகும். அட்ரீனல் பழுது இருப்பது தெரியாமல் தைராய்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், தேற வேண்டியவர் சில நாட்களில் அட்ரீனல் நெருக்கடியில் வீழ்ந்துவிடலாம். முதலில் கார்ட்டிசால், பிறகே தைராய்டு என்பது மருத்துவ மாணவர்களுக்கு இன்று சொல்லித்தரப்படும் பாடம். தைராய்டு மாத்திரை தொடங்கிய பின் நிலைமை மோசமாகிறது என்று ஒரு நோயாளி சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

1960 தேர்தலுக்கு வருவோம். ஜூலை 4 அன்று, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்ட லிண்டன் ஜான்சனின் ஆதரவாளர்கள் கென்னடிக்கு அடிசன் நோய் என்று வெளிப்படையாகக் கூறினார்கள். கென்னடி தரப்பு அளித்த மறுப்பு, சொல்லாட்சியில் தேர்ந்தவர்கள் வியக்கத்தக்கது. அடிசன் நோய் என்றால் காசநோயால் சுரப்பி அழிவது என்ற பழைய இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கென்னடிக்குக் காசநோய் இல்லை. ஆகவே அந்தப் பழைய பொருளில் அடிசன் நோயும் இல்லை. போர்க்காலத்தில் அட்ரீனல் சற்றுக் குறைவுற்றது, அவ்வளவே என்றார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பொய்யைச் சுட்டுவது கடினம். மொத்தத்தில் அது பொய். வென்ற பிறகு கென்னடியே செய்தியாளர்களிடம் தமக்கு அந்நோய் ஒருபோதும் இருந்ததில்லை என்று கூறிவிட்டார்.

செப்டம்பர் 26 தொலைக்காட்சி விவாதம் அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசுவோர் விடாத கதை. முழங்கால் தொற்றால் மருத்துவமனையிலிருந்து அண்மையில் வெளிவந்த நிக்சன் வெளிறித் தெரிந்தார். வெயிலில் பழுத்த நிறத்தோடு வந்த கென்னடி உடல்நலத்தின் உருவமாகத் தெரிந்தார். அடிசன் நோயில் தோல் கருப்பது முதன்மையான அடையாளம். கார்ட்டிசால் குறையும்போது, சுரப்பியைத் தூண்ட மூளையடியிலிருக்கும் பிட்யூட்டரி ஓயாமல் ஏவும் தூண்டுநீர் தோலின் நிறமிகளையும் தூண்டிவிடுகிறது. கென்னடி வெயிலில் கிடக்க விரும்பியவர்தான். அந்த நிறத்தில் சூரியனின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. கோடிக்கணக்கானோர் நலம் என்று கண்டதில் ஒரு பகுதி நோயாக இருந்திருக்கலாம். வெற்றியின் வித்தியாசம் ஏறத்தாழ 1,12,000 வாக்குகள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். அதனால் மறைத்தது சரியாகிவிடாது. அணு ஆயுதப் பொத்தானை ஒப்படைக்கப்போகும் மக்களுக்கு அந்த மனிதரின் உடல்நிலை தெரிந்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. எனினும் நோய் என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் தகுதி போய்விட்டதாகத் தீர்ப்பெழுதும் சமூகம்தான் அந்தப் பொய்யின் மறுபாதி.

வெள்ளை மாளிகையில் அவர் நாள் மாத்திரைகளோடு தொடங்கியது. ஹைட்ரோகார்ட்டிசோன், பிரெட்னிசோன், உப்பைக் காக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், தைராய்டுக்கு லயோதைரோனின், வயிற்றுப்போக்குக்கு ஒன்று. சுரப்பி நோய்களை யூஜின் கோஹன் கவனித்தார். முதுகுவலிக்கு ஜேனட் டிராவல் மரப்பு ஊசி போட்டார். இவர்களுக்குத் தெரியாமல் மேக்ஸ் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் ஆம்ஃபெட்டமின் கலந்த ஊசிகளைப் போட்டுவந்தது அந்த ஆட்சியின் அழகற்ற பக்கம். 1961 மே மாதம் கனடாவில் மரம் நட மண்வெட்டி பிடித்து முதுகைப் பிடித்துக்கொண்டவர், மறுமாதம் வியன்னாவில் குருஷ்சேவைச் சந்தித்தபோது வலியோடுதான் நின்றார். சட்டைக்குள் இடுப்புப் பட்டை, கண்காணாத இடத்தில் ஊன்றுகோல். நீண்ட காலக் கார்ட்டிசோன் எலும்பை மெலிவித்து முதுகை மேலும் கெடுத்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின் பதின்மூன்று நாட்களும் இதே மருந்துகளோடுதான் கழிந்தன. படைத்தலைவர்கள் தாக்கச் சொன்னார்கள், அவர் பொறுத்தார், கப்பல்கள் திரும்பின. மருத்துவக் குறிப்புகளையும் ஆட்சி ஆவணங்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்ட வரலாற்றாசிரியர் ராபர்ட் டாலெக், நோயோ மருந்தோ அவர் முடிவுகளைப் பிறழவைத்ததாகச் சான்றில்லை என்றே எழுதினார்.

1963 நவம்பர் 22, டல்லஸ் நகரம். பார்க்லேண்ட் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சை அறையில், பிழைக்க வழியில்லாத காயத்தோடு கிடத்தப்பட்டிருந்த உடலுக்காக, உடன் வந்த கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பர்க்லி ஹைட்ரோகார்ட்டிசோன் குப்பிகளை எடுத்துக் கொடுத்தார். 300 மில்லிகிராம் செலுத்தப்பட்டது. பதினாறு ஆண்டுகள் காத்த இரகசியத்தை அந்த அறையில் காக்க முடியவில்லை. அட்ரீனல் இல்லாதவர் என்பது மருத்துவருக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை. அன்றிரவு நடந்த பிணக்கூறாய்வின் அறிக்கை மற்ற உறுப்புகளை வரிசையாகக் கூறி, அட்ரீனலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டது. கண்ணுக்குத் தெரியும்படியான அட்ரீனல் திசு அந்த உடலில் இருக்கவில்லை என்பது 1992இல்தான் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. டிராவலின் குறிப்புகள் உள்ளிட்ட மருத்துவ ஆவணங்களைப் பார்க்க டாலெக்குக்கு அனுமதி கிடைத்து, அவர் எழுதியது 2002இல். 1955 மே முதல் 1957 அக்டோபர் வரை கென்னடி ஒன்பது முறை மருத்துவமனையில் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. இரு சுரப்பி நோய்களும் தன்னெதிர்ப்பு என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று அமெரிக்கக் கடற்படை மருத்துவர் லீ மேண்டல் 2009இல் வாதிட்டார்.

இந்த நெடிய மௌனத்தால் இழப்பு யாருக்கு? கென்னடிக்கு இல்லை. அவர் விரும்பியதைப் பெற்றார். அதே நோய் கண்டு, இனி எதற்கும் உதவமாட்டோம் என்று ஒடுங்கிய எளியவர்களுக்குத்தான் இழப்பு. உலகின் மிகக் கனமான வேலைகளுள் ஒன்றை அதே மாத்திரைகளோடு ஒருவர் செய்துகொண்டிருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கரையை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். மீன்பிடித் துறைமுகம், சரக்குப் பெட்டக லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை, திருவொற்றியூரின் மோட்டார் ஆலைகள், அனல்மின் நிலையம், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்கள். இவை எல்லாம் வெயிலிலும் வெக்கையிலும் நின்று செய்யும் வேலைகள். இங்கே ஒருவர் கருத்துப்போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடல் வெயில் என்று சொல்லிவிடுவார்கள். வெயில் படாத இடங்களைத்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கை ரேகைகள், ஈறு, கன்னத்தின் உட்புறம், பழைய தழும்புகள் புதிதாகக் கருத்திருந்தால் அது சூரியன் செய்த வேலை அன்று. மெலிவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், ஓயாத குமட்டல், கருவாட்டையும் ஊறுகாயையும் தேடித் தேடித் தின்னும் ஆசை ஆகியவையும் சேர்ந்திருந்தால் காலையில் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ராயபுரத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை நடக்கும் தொலைவுதான். தன்னெதிர்ப்பால் வந்ததா, அடிசன் கண்ட காசநோயால் வந்ததா என்பதையும் சேர்த்தே தேட வேண்டிய நாடு நம்முடையது.

கண்டுபிடித்த பிறகுதான் கென்னடியின் சிக்கல் இங்கேயும் தொடங்குகிறது. ஒப்பந்தத் தொழிலாளி ஆலை வாசலில் சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா என்று அஞ்சுகிறார். பெண்களிடையே இந்நோய்த்தொகுப்பு கூடுதல். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அது பேச்சுக்கே வராது. அவர்கள் மறைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். மறைக்கவைக்கும் முதலாளியையும் உறவினரையும்தான் சொல்வேன். ஆனால் ஒரு வேறுபாட்டை யாரும் மறக்கலாகாது. கென்னடி மறைத்தபோது அவர் பக்கத்தில் எப்போதும் மருத்துவர் இருந்தார், பெட்டகத்தில் மருந்து இருந்தது, குவீன் மேரியில் மருத்துவ அறை இருந்தது. பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போகும் விசைப்படகில் அவை இல்லை. அங்கே இரண்டு முறை வாந்தியெடுத்தால் விழுங்கிய மாத்திரை உள்ளே நிற்காது, ஊசி தேவைப்படும், கரை சேர ஒரு பகலும் இரவும் ஆகலாம். காய்ச்சல் கண்டால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட வேண்டும், எக்காரணத்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பவை உடன் இருக்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இரவுப் பணி மாறும் வாரத்தில் மாத்திரை வேளைகளை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உலைக்களத்தில் வியர்ப்பவருக்கு உப்புக் கணக்கும் தனி. எல்லா மருந்துக்கடைகளிலும் ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரைகள் கிடைப்பதில்லை. தீரும் முன்னரே வாங்கிவைப்பது நல்லது. சட்டைப் பையில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டை இருந்தால், மயங்கிக் கிடப்பவருக்காக அது பேசும்.

கென்னடியின் தங்கை யூனிஸுக்கும் அடிசன் நோய் இருந்தது. ஒரே குடும்பத்தில் இப்படித் தொடர்வது தன்னெதிர்ப்பு நோய்களின் இயல்பு. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968இல் சிறப்பு ஒலிம்பிக்ஸ் தொடங்கியவர் அவர். ஓராண்டுகூடத் தாங்காது என்று அண்ணனுக்குச் சொல்லப்பட்ட அதே நோயோடு வாழ்ந்து, மேண்டலின் கட்டுரை வெளிவந்த அதே 2009ஆம் ஆண்டில் தம் 88ஆம் வயதில் இறந்தார்.